மஞ்சள் ஜக்கெட் போட்ட மகனுக்கு

திருகோணமலை

அன்பு மகன்,

போனில் இதைச் சொல்லத் தொடங்கினால் நீ "சரி அப்பா, சரி அப்பா" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொல்லுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

லண்டனில் படிப்புக்கு நடுவே சனிக்கிழமைகளில் ஃபுட்போல் ஸ்ரேடியத்தில் கேற் வேலைக்குப் போகிறாய் என்றதும் அம்மாவுக்குப் பயம், எனக்குச் சந்தோஷம். மஞ்சள் ஜக்கெட்டும் காதில் வயருமாக நீ நின்ற படத்தை அம்மா குடும்பம் முழுக்க அனுப்பிவிட்டாள். பெரியம்மா உடனே போன் எடுத்து, "பொடியன் பொலிஸில சேர்ந்திட்டானே?" என்று கேட்டா. இல்லை என்று விளங்கப்படுத்தவே அரை மணித்தியாலம் போனது.

போன கிழமை நீ சொன்ன கதைதான் எனக்கு மனதில் நிற்கிறது. ஒருவன் உன் மேல் பியரை ஊற்றினான், இன்னொருவன் உன் நிறத்தைச் சொல்லிக் கத்தினான். அதை நான் லேசாக எடுக்கவில்லை. அப்படி யாரும் கத்தினால் சீற் நம்பரைக் குறித்து உன் மேற்பார்வையாளரிடம் கொடு. அந்த நாட்டில் இதற்கு வழி இருக்கிறது. நீதிமன்றம் ஒருவனைப் பெயர் குறித்து 3 வருடத்திலிருந்து 10 வருடம் வரை மைதானங்களுக்கு வராமல் தடுக்கலாம், வெளிநாட்டில் மட்ச் நடக்கும்போது அவன் பாஸ்போட்டையும் வாங்கி வைக்கலாம். செய்தவனுக்குத்தான் தண்டனை. ஆனால் நீ கடைசியில் என்ன சொன்னாய்? "முழுப்பேரும் காவாலிகள் அப்பா." அந்த முழுப்பேரும் என்ற இடத்தில்தான் நான் உன்னோடு கதைக்க வேண்டும்.

நான் கிளப்பில் இருந்த காலத்தில் ஏகாம்பரம் மைதானத்தில் கேற்றுக்கு நின்றவன். கேற் என்றால் உன்னுடையதைப் போல இல்லை. இரண்டு கம்புக்கு நடுவே ஒரு கயிறு, ஒரு மேசை, சில்லறை போட ஒரு பழைய பால்மா ரின். ஒருமுறை இறுதி ஆட்டம் பட்டினக் கிளப்புக்கும் கிண்ணியாக் கிளப்புக்கும். கிண்ணியாப் பாலம் 2009-இல்தான் திறந்தார்கள். அதற்கு முதல் துறையடியில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். லொறி பிடித்து வந்த கிண்ணியாச் சனம் மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்க நின்றது. ஆட்டம் முடிகிற நேரம் அவர்கள் போட்ட கோலுக்கு லைன்ஸ்மன் ஓஃப் சைட் என்று கொடியைத் தூக்கிவிட்டார். ஒரே கூச்சல், ஊளை. செருப்பும் ஒரு சோடாப் போத்தலும் உள்ளே வந்து விழுந்தன. போத்தல் வந்தது நான் நின்ற பக்கத்திலிருந்து. எறிந்தவன் எங்கள் ஒழுங்கைப் பொடியன், கிண்ணியா வெல்லும் என்று காசு கட்டியிருந்தவன்!

விசில் ஊதியதும் கிண்ணியாச் சனம் கேற்றை நோக்கி ஓடியது. பொழுது பட்டுவிட்டது. கடைசிப் பாதையை விட்டால் இரவு முழுக்கத் துறையடிதான், அந்த நாட்களில் இரவில் வெளியே நிற்பது என்ன மாதிரி என்று உன் அம்மாவைக் கேள். ஆனால் வெளியே காவலுக்கு நின்றவர்களின் கண்ணுக்கு அது சண்டைக்கு ஓடி வரும் கூட்டம். பொல்லை ஓங்கினார்கள். முன்னால் வந்தவர்கள் சடாரென்று நிற்க, பின்னால் வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் தள்ள, ஒரு வயதான முஸ்லிம் பெரியவர், காக்கா என்போமே, அவர் என் மேசையில் அடிபட்டு விழுந்தார். பால்மா ரின் உருண்டு சில்லறை முழுக்க மண்ணில். நான் கயிற்றை அறுத்துவிட்டு, லொறி வருகிற பெரிய கேற்றையும் திற என்று கத்தினேன். திறந்ததுதான் தாமதம், இடம் வெறுமையாகிவிட்டது. ஒருவரும் ஒருவரையும் அடிக்கவில்லை. அந்தக் காக்காவையும் தூக்கி லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் சந்தையில் கதை வேறு. கிண்ணியாக்காரர் கேற்றை உடைத்துக்கொண்டு வந்தார்களாம், போத்தலால் எறிந்தார்களாம். கேற்றைத் திறந்தவனே நான்தான் என்று சொன்னேன். மீன் வாங்கிக்கொண்டு நின்றவர் என்னிடமே சொல்கிறார்: "உங்களுக்குத் தெரியாது அண்ணை, அவங்கள் திட்டம் போட்டுத்தான் வந்தவங்கள்."

இதை வைத்துத்தான் ஹில்ஸ்பரோ கதையை வாசித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து ஹில்ஸ்பரோ மைதானம், லிவர்பூலுக்கும் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்டுக்கும் எஃப்.ஏ. கிண்ண அரையிறுதி. இங்கே இந்திய இராணுவம் நின்ற காலம், எங்கள் பாடே பெரும்பாடு, அந்தச் செய்தி அப்போது என் காதில் ஏறவில்லை. பின்னால்தான் வாசித்தேன். லிவர்பூல் ரசிகர்கள் நின்று பார்க்கும் பகுதிக்கு 10,100 பேர் போக வேண்டும், அவர்களுக்கு இருந்தவை 7 சுழல் கேற்றுகள். கேற்றுக்கு நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கணக்கைப் பார்த்ததுமே மிச்சக் கதை விளங்கிவிடும். மூன்று மணி ஆட்டத்துக்கு இரண்டரை மணிக்கே வெளியே நெரிசல். ஆள் செத்துவிடும் என்ற பயத்தில் பொலிஸ் பக்கத்துப் பெரிய கேற்றைத் திறக்கச் சொன்னது. அதுவரை சரி, நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் உள்ளே போனவர்களின் கண்ணுக்கு நேரே தெரிந்தது ஒரு சுரங்க வழி. அது ஏற்கனவே நிரம்பி வழிந்த நடு அடைப்புகளுக்குப் போகிற வழி. இரண்டு பக்கத்து அடைப்புகளிலும் இடம் இருந்தது. சுரங்க வழியை மூடி, "இந்தப் பக்கம் போங்கோ" என்று கை காட்ட ஒருவரையும் நிறுத்தவில்லை.

உன்னைப் போல ஒருவன் அங்கே நின்றிருந்தால் போதும்.

முன்னால் இரும்பு வேலி. ரசிகர் என்றாலே குழப்படிக்காரர் என்று போட்ட வேலி. மூச்சு முட்டி அதில் ஏறியவர்களை, மைதானத்துக்குள் புகுந்து குழப்பம் செய்ய வருகிறார்கள் என்று எண்ணித் திருப்பித் தள்ளியிருக்கிறார்கள். 3.06-க்கு ஆட்டத்தை நிறுத்தினார்கள். செத்தவர்கள் 97 பேர். கடைசி ஆள் அன்று பட்ட காயத்தோடு 32 வருடம் கிடந்து 2021-இல் போனவர்.

இப்போது சந்தைக் கதைக்கு வா. அன்று பொறுப்பாக நின்ற பொலிஸ் அதிகாரி, ரசிகர்கள் கேற்றை உடைத்து வந்தார்கள் என்றார். திறக்க உத்தரவு கொடுத்தவரே அவர்தான். அது பொய் என்று 2015-இல்தான் விசாரணையில் ஒப்புக்கொண்டார். நாலாம் நாள் தி சன் பத்திரிகை முன்பக்கத்தில் "உண்மை" என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு, செத்தவர்களின் பையில் ரசிகர்கள் திருடினார்கள் என்று எழுதியது. லிவர்பூலில் இன்றைக்கும் அந்தப் பத்திரிகையைத் தொடாத சனம் இருக்கிறது. செத்தவர்களின் இரத்தத்தில், சிறுவர்கள் உட்பட, மது இருக்கிறதா என்று பரிசோதித்திருக்கிறார்கள். அவர்களில் மிக இளையவனுக்கு வயது 10. பொலிஸ் வாக்குமூலங்களில் 164 திருத்தப்பட்டவை என்று 2012-இல் சுயாதீனக் குழு கண்டுபிடித்தது. இது சட்டவிரோதக் கொலை, ரசிகர்கள் மேல் குற்றமில்லை என்று ஜூரி சொன்னது 2016 ஏப்ரலில். காணாமல் போன பிள்ளைகளின் படத்தைத் தூக்கிக்கொண்டு வருடக்கணக்காக நிற்கும் தாய்மாரை நீ இங்கே கண்டு வளர்ந்தவன், உனக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. 15 வயது மகனைப் பறிகொடுத்து அவனுக்காகவே வழக்காடிய ஆன் வில்லியம்ஸ் என்ற தாய், அந்தத் தீர்ப்பைக் காணாமல் 2013-இல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஏன் எல்லோரும் அந்தப் பொய்யை உடனே நம்பினார்கள் என்று கேட்பாய். காரணம் இருக்கிறது, அதை நான் மறைக்கப் போவதில்லை. நாலு வருடத்துக்கு முன், 1985 மே 29, பிரசல்ஸில் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்களில் ஒரு கூட்டம் எதிர்ப்பக்கத்தார் மேல் பாய்ந்தது. ஒதுங்கிய சனத்தின் மேல் சுவர் இடிந்து 39 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இத்தாலியர். உக்கிப்போன மைதானம்தான், ஆனால் பாய்ந்தவர்கள் பாய்ந்தவர்கள்தானே. 14 பேருக்கு நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. ஆங்கிலக் கிளப்புகளை ஐரோப்பாவில் 5 வருடம் விளையாட விடவில்லை. அந்தக் கெட்ட பெயரைத்தான் 1989-இல் ஹில்ஸ்பரோவுக்கு வந்த பத்து வயதுப் பிள்ளையும் சுமந்தது.

இன்னொன்று கேள், நீ சிரிப்பாய். ரசிகர்கள் எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுத்து, அட்டை இல்லாதவனை உள்ளே விடக் கூடாது என்று தட்சர் அரசாங்கம் 1989-இல் சட்டமே கொண்டு வந்தது. ஹில்ஸ்பரோவை விசாரித்த நீதிபதி டெய்லர் 1990 ஜனவரி அறிக்கையில் அது சரிவராது என்று சொன்ன பிறகுதான் கைவிட்டார்கள். அட்டையைக் காட்டினால்தான் மனிசன் என்ற காலத்தில் சோதனைச் சாவடியில் இறங்கி நடந்தவர்கள் நாங்கள். வெள்ளைக்காரனுக்கும் அந்த யோசனை வந்திருக்கிறது பார்.

கிரிக்கெட்டுக்கு இந்தக் கெட்ட பெயர் ஒட்டுவதில்லை, கவனித்தாயா? 1996 உலகக் கிண்ண அரையிறுதி, கொல்கத்தா ஈடன் கார்டன். இந்தியா 8 விக்கெட்டுக்கு 120-இல் நிற்கும்போது போத்தல் எறிந்து, இருக்கைகளில் தீ வைத்து, ஆட்டத்தை நிறுத்தி வெற்றியை எங்களுக்குக் கொடுத்தார்கள். அன்று நாங்கள் வெடி கொளுத்தியதைத்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். கிரிக்கெட் பார்க்கிறவன் எல்லாம் காவாலி என்று ஒருவரும் சொல்லவில்லை. பந்து பார்க்கப் போகிறவன் கூலிக்காரன், ஹாபரில் மூட்டை தூக்குகிறவன் என்ற நினைப்பும் இதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பழைய கதை என்று தள்ளிவிடாதே. 2022 மே 28, பாரிஸில் சாம்பியன்ஸ் லீக் இறுதி. டிக்கெட் வைத்திருந்த லிவர்பூல் சனத்தை ஒடுக்கமான வழியில் மணிக்கணக்காக நிறுத்தி, கண்ணீர்ப்புகை அடித்தார்கள். ஆட்டம் 36 நிமிடம் பிந்தியது. கள்ள டிக்கெட்டோடு ஆயிரக்கணக்கில் வந்தார்கள் என்றார் பிரான்ஸ் உள்துறை அமைச்சர். போட்டியை நடத்திய ஐரோப்பிய ஃபுட்போல் சங்கமான யூஈஎஃப்ஏ அமர்த்திய குழுவே அடுத்த வருடம், முதல் பொறுப்பு யூஈஎஃப்ஏவுக்குத்தான் என்றது. அந்த அறிக்கையில் எனக்குப் பட்டது வேறு ஒரு விஷயம்: லிவர்பூல் ரசிகர் ஆபத்தானவர் என்று பொலிஸ் எண்ணியதற்கு, ஹில்ஸ்பரோவைப் பற்றிய பிழையான எண்ணமும் காரணமாம். தீர்ப்பு வந்து 6 வருடம் ஆகியும்! அதே வருடம் ஒக்டோபரில் இந்தோனேசியாவின் மலாங் நகரில், மைதானத்துக்குள் இறங்கியவர்களுக்காக, இருக்கையில் இருந்த சனத்தின் மேல் கண்ணீர்ப்புகை அடித்ததில் 135 பேர் செத்தார்கள். வெளியே போகிற கேற்றடியில் நசிந்துதான் பலர்.

உன் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். 2021 யூரோ இறுதி ஆட்டத்தில் வெம்ப்ளியில் டிக்கெட் இல்லாத கூட்டம் கேற்றுகளை உடைத்து நுழைந்தபோது அடி வாங்கியவர்கள் உன்னைப் போல ஜக்கெட் போட்ட பிள்ளைகள்தான். அப்படி ஒரு நாள் வந்தால் வீரம் காட்டாதே. விலகி நின்று வயர்லெஸ்ஸில் சொல்லு. உன் உயிரைவிட ஒரு மட்ச் பெரிசில்லை.

மற்றப்படி, பையைச் சோதிக்கும்போது முதலில் கேட்டுவிட்டுக் கையை வை. தகப்பன் ஒருவன் பிள்ளையோடு வந்தால் பிள்ளைக்கு முன்னால் அவனை அதட்டாதே. சாவடியில் எங்களைச் சோதித்தவர்களில் "ஐயா, கொஞ்சம் பையைத் திறக்கிறீங்களா" என்று அரைகுறைத் தமிழில் கேட்ட ஒருவன் இருந்தான். அவன் நிற்கிற நாட்களில் வரிசையில் ஒரு முறுகலும் வராது. யாராவது வேலியில் ஏறினால், ஏன் ஏறுகிறான் என்று அவனுக்குப் பின்னால் நிற்பவர்களின் முகத்தைப் பார். ஓடி வந்தால், எதைப் பிடிக்க ஓடுகிறான் என்று பார். லண்டனிலும் கடைசி ரயில் இருக்குமே.

அடுத்த முறை வேலைக்குப் போனால் எனக்கு இரண்டு விஷயம் எழுது. உன் பகுதிக்கு எத்தனை பேர், எத்தனை கேற்? ஆட்டம் முடிய முதல் வெளிக் கேற்றுகளைத் திறந்து வைக்கிறது யாருடைய வேலை? தெரியாது என்றால் கேட்டுத் தெரிந்துகொள். உனக்கு அதைச் சொல்லித் தராமல் ஜக்கெட்டை மட்டும் கொடுத்திருந்தால் எனக்கு அது பிடிக்கவில்லை.

அம்மா நெத்தலிக் கருவாடும் மிளகாய்த்தூளும் கட்டி வைத்திருக்கிறாள். மாமா வீட்டுப் பொடியன் மாத முடிவில் வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறோம். போனமுறை போல அறை முழுக்க மணக்குது என்று வீட்டுச் சொந்தக்காரி சத்தம் போட்டால், அவவுக்கும் கொஞ்சம் பொரித்துக் கொடு.

அன்புடன்,
அப்பா