இணையா, துணையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் நீதிமன்றச் செய்திப் பக்கத்தில், "அரசுத் தரப்பில் மூன்று இணை வழக்குத் தொடுநர்கள் ஆஜராகினர்" என்று ஒரு வரி வந்திருந்தது. பசியாறிக்கொண்டே படித்தேன். தட்டில் இருந்த தோசை ஆறிப்போனதுதான் மிச்சம்.

அதே வழக்கை அன்று மாலை மலாய்ப் பத்திரிகையில் தேடிப் பிடித்தேன். வந்தவர்களில் இருவர் திம்பாலான் பெண்டாக்வா ராயா, அதாவது துணை அரசு வழக்கறிஞர்கள், நாம் எல்லாரும் டிபிபி என்று சொல்கிறவர்கள். மூன்றாமவர் இறந்தவரின் குடும்பத்துக்காக வாட்சிங் பிரீஃப் எடுத்து வந்த வழக்கறிஞர். அவர் அரசுத் தரப்பே இல்லை. உட்கார்ந்து கவனிப்பார், குறிப்பெடுப்பார், குடும்பத்துக்கு விளக்குவார். எழுந்து சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை அவருக்குக் கிடையாது. உங்கள் நிருபர் ஒரே 'இணை'யைப் போட்டு மூவரையும் ஒரு கயிற்றில் கட்டிவிட்டார்.

சரி, அந்த இரண்டு டிபிபிகளாவது 'இணை'யா என்றால், அதுவும் இல்லை. உங்களுக்குத் தெரியாததா? நம் மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 145(3) விதி, வழக்குத் தொடுக்கவும் நடத்தவும் நிறுத்தவும் உள்ள அதிகாரத்தைச் சட்டத்துறைத் தலைவர் ஒருவர் கையில்தான் கொடுத்திருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 376ஆவது பிரிவு அவரையே அரசு வழக்கறிஞர் என்கிறது. டிபிபிகள் அவருடைய கட்டுப்பாட்டின் கீழ் இயங்குகிறவர்கள். ஒரு வழக்குக்கு ஐந்து பேர் வந்தாலும் ஐந்து பேரும் துணைதான். இரண்டு அதிகாரங்களை ஒரே நுகத்தில் பூட்டினால்தான் இணை.

அப்படி உண்மையிலேயே பூட்டிய இடம் ஒன்று உண்டு. 1970களில் கம்போடியாவை ஆண்ட கெமர் ரூஜ் தலைவர்களை விசாரிக்க ஐ.நா.வும் கம்போடியாவும் 2003இல் ஒப்பந்தம் போட்டு நொம்பென்னில் அமைத்த நீதிமன்றத்தில், ஒரு கம்போடியர், ஒரு வெளிநாட்டவர் என்று இரண்டு வழக்குத் தொடுநர்கள் இருந்தார்கள். ஒருவருக்கு ஒருவர் மேலும் இல்லை, கீழும் இல்லை. ஒத்துப்போகாவிட்டால் விவகாரம் ஐந்து நீதிபதிகளிடம் போக வேண்டியிருந்தது. தொடரவேண்டும் என்பவரைத் தடுக்க நான்கு பேராவது சேர்ந்து சொல்ல வேண்டியிருந்தது. புதிதாகச் சிலர்மீது விசாரணை வேண்டும் என்றார் வெளிநாட்டவர். வேண்டாம் என்றார் கம்போடியர். 2009இல் அந்த நான்கு வாக்கு சேரவில்லை, விசாரணை தொடர்ந்தது. (அந்த வழக்குகள் கடைசிவரை சாட்சிக்கூண்டுக்கு வராமலே முடிந்தன என்பது வேறு கதை.) ஜெர்மனியிலோ பாதிக்கப்பட்டவரே அரசுத் தரப்போடு சேர்ந்துகொள்ளலாம், சாட்சியைக் கேள்வி கேட்கலாம், தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடுகூடச் செய்யலாம். இவர்களுக்கெல்லாம் 'இணை' என்று எழுதுங்கள், நான் வாயே திறக்க மாட்டேன். அபூர்வமான சொல் அது. பக்கத்தில் ஆள் நின்றாலே தூக்கிக் கொடுத்துவிடும் பட்டம் இல்லை.

உங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் ஒன்னுதானே அங்கிள்" என்றார். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் இணை இயக்குநர் என்றால் இயக்குநருக்குக் கீழே ஒரு பதவி. இங்கே பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியரும் அப்படித்தான். சொல் ஏற்கெனவே குழம்பிக் கிடக்கிறது. ஆனால் ஆசிரியர் மேசை என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

கைது செய்யப்பட்ட மறுநாளே ஒருவரை 'குற்றவாளி' என்று எழுதுகிறீர்கள். கொலை வழக்கில் 'வாதி' வருகிறார், 'பிரதிவாதி' வருகிறார், ஏதோ நிலத்தகராறு மாதிரி. இவற்றையெல்லாம் பல வருஷமாக விழுங்கிக்கொண்டு வருகிறேன். ஒன்றை மட்டும் விழுங்க முடியவில்லை.

பினாங்கு நீதிமன்றங்களில் 31 வருஷம் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் நான். சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா மகன் வழக்குக்காக வந்துகொண்டிருந்தார். ஒருநாள் மகனுக்கு டிஎன்ஏஏ கிடைத்தது. அரசுத் தரப்பு இப்போதைக்கு வழக்கை நடத்தவில்லை, ஆனால் குற்றமற்றவர் என்று தீர்ப்பும் இல்லை. வெளியே வந்ததும், "இப்ப விட்டுட்டாங்கம்மா, மறுபடி கூப்பிடலாம், அட்ரஸ் மாத்தினா சொல்லிடுங்க" என்று இரண்டு தடவை சொன்னேன். மறுநாள் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் (உங்களுடையதா என்று கேட்காதீர்கள்) 'விடுதலை' என்று கொட்டை எழுத்தில் வந்தது. அந்த அம்மா தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்து நேர்த்திக்கடனைத் தீர்த்துவிட்டார். சில மாதம் கழித்து மகன்மீது மறுபடியும் குற்றச்சாட்டு. பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த அந்தச் செய்தித் துண்டை என் முன்னால் நீட்டி, "பேப்பர்ல விடுதலைன்னு போட்டிருக்கே ஐயா, நீங்கதான் அன்னிக்கு மாத்திச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

நான் சொன்னது பொய், அச்சில் வந்தது உண்மை. அவ்வளவு நம்பிக்கை உங்கள் தொழில்மேல்.

இப்போது 'இணை' என்று படித்த அந்த இறந்தவரின் குடும்பம், தங்கள் வழக்கறிஞர் ஏன் எழுந்து கேள்வி கேட்கவில்லை, காசு வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைக்காதா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் ஞாயிறு இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: வந்தவர்கள் இரண்டு துணை அரசு வழக்கறிஞர்களும், குடும்பத்தின் சார்பில் கவனிக்க வந்த ஒரு வழக்கறிஞரும் என்று. மூலையில் போட்டாலும் போதும். போன தடவை என் கடிதத்தைப் பாதியாக வெட்டி, நன்றி வணக்கத்தை மட்டும் முழுசாகப் போட்டிருந்தீர்கள். இந்த முறையும் இடம் இல்லையென்றால் கம்போடியாவை வெட்டிக்கொள்ளுங்கள். அந்த அம்மாவை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு.