கை கிரைண்டர் பயிற்சிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

கிரில், கேட் பட்டறைகளில் ஏஜி4 மிஷின் (வீல் சுழன்று இரும்பை அறுக்கும், தேய்க்கும் 4 இஞ்ச் கை கிரைண்டர்) பிடிக்கும் தம்பிகளுக்கான ஒரு நாள் பயிற்சி உங்கள் தயவில் நல்லபடியாக முடிந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு கும்பிடு போட்டு முடித்துக்கொள்ள மனம் வரவில்லை. யார் என்ன சொல்லித் தந்தீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். அன்று வர முடியாதவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

முதல் நன்றி ஃபிட்டர் பெரியவருக்கு. வீலை மூடும் காப்புத் தகடான கார்டை ஏன் கழற்றுகிறீர்கள் என்று அவர் கேட்டதும் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். 4 இஞ்ச் மிஷினில் 7 இஞ்ச் வீல் மாட்டத்தான், வேறெதற்கு? பெரியவர் சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே கணக்குப் போட்டார். 12,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 12,000 சுற்றில், 4 இஞ்ச் வீலின் விளிம்பு நொடிக்கு 63 மீட்டர் ஓடுகிறது. மணிக் கணக்கில் சுமார் 226 கிலோமீட்டர். சாதாரண வீல் தாங்கும் எல்லை நொடிக்கு 80 மீட்டர். அது வீலின் மேலேயே அச்சாகியிருக்கும். அதே மிஷினில் 7 இஞ்ச் வீலை மாட்டினால் விளிம்பு 113 மீட்டருக்குப் போய்விடுகிறது. அந்த வீலுக்கு அனுமதித்ததே 8,500 ஆர்பிஎம்தான். வீலைப் பிய்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், எல்லையைப் போல இரண்டு மடங்கு இழுவை. போதாக்குறைக்கு, 22 மில்லிமீட்டர் துளையில் வாஷரை வைத்து ஒப்பேற்றுவதால் வீல் நடுவில் உட்காராமல் உதறும். வெடித்தால் தடுக்கக் கார்டும் இல்லை. மரம் அறுக்கும் பல் பிளேடை இதில் மாட்டுகிறவர்களுக்கும் அவர் நாலு வார்த்தை கொடுத்தார். அந்தப் பல் மரத்தைக் கவ்வியதும் மிஷின் ஆளை நோக்கித் துள்ளும். அதை இங்கே விரிக்கவில்லை, மாட்டாதீர்கள், அவ்வளவுதான்.

ஹார்டுவேர் கடை அண்ணாச்சி, விற்க வைத்திருந்த சரக்கிலிருந்தே காலாவதியான வீல்களைப் பொறுக்கி எடுத்து வந்து காட்டினார். வியாபாரியிடம் இது பெரிய மனசு. நடுத்துளையைச் சுற்றியுள்ள தகர வளையத்தில் காலாவதியாகும் மாதமும் வருடமும் பொறித்திருப்பது பலருக்கும் அன்றுதான் தெரிந்தது. தயாரித்து 3 வருடம் வரைதான் கணக்கு. வீலைப் பிடித்து வைத்திருப்பது ரெசின் என்ற பசை. ஈரம் பட்டால் அது வலுவிழக்கும். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் அடுக்கி வைக்கிறவர்கள் இன்றே இடத்தை மாற்றுங்கள். கீழே விழுந்த வீலில் விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மாட்டக் கூடாது. 1 மில்லி கட்டிங் வீலின் பக்கத்தை வைத்து வெல்டிங் தேய்ப்பதும் ஆகாது. பக்கவாட்டு அழுத்தம் தாங்கும்படி அது செய்யப்பட்டதில்லை. தேய்க்க 6 மில்லி கிரைண்டிங் வீல் இருக்கிறது, உப்புத்தாள் அடுக்கிய ஃபிளாப் டிஸ்க் இருக்கிறது.

வீல் மாட்டிக் காட்டிய இரண்டு தம்பிகளுக்கும் நன்றி. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட்டார்கள். மாட்டியபின் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்கள். பிறகு வீலின் நேர்க்கோட்டில் யாரும் நிற்காமல் ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டார்கள். பைப் அறுத்துக் காட்டியதும் அருமை. இரண்டு முனைக்கும் கட்டை கொடுத்து நடுவில் அறுத்தால், பைப் தொய்ந்து வெட்டு மூடிக்கொண்டு வீலைக் கவ்வும். வைஸில் (மேஜையில் பூட்டிய இறுக்குப் பிடி) இறுக்கி, வைஸுக்குப் பக்கத்திலேயே அறுத்து, மறுமுனையைத் தொங்கவிட்டால் வெட்டு தானாகத் திறந்துகொடுக்கும்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் கூலி வாங்காமல் மெயின் பாக்ஸில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டுத் தந்தார். வயரை உரித்துத் தீக்குச்சியால் சாக்கெட்டில் சொருகும் பழக்கத்தை அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. எல்லோரும் குறித்துக்கொண்டது இன்னொன்று. வேலை நடுவில் கரண்ட் போனால் ஸ்லைடு சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் மிஷினைக் கீழே வைக்க வேண்டும். மறந்து டீக்குப் போனால், கரண்ட் வந்ததும் அது தரையில் தானாக ஓடத் தொடங்கும்.

கண் ஆஸ்பத்திரி சிஸ்டருக்குத் தனி நன்றி. பவர் கண்ணாடி பக்கவாட்டை மறைக்காது, மூடிய காகில்ஸ்தான் வேண்டும் என்றார். இரும்புத்தூள் விழுந்தால் தேய்க்கக் கூடாது. கைக்குட்டை முனை, நாக்கு, காந்தம் எதுவும் கண் பக்கம் வரக் கூடாது. சுத்தமான தண்ணீரில் கழுவியும் உறுத்தினால் அன்றே ஆஸ்பத்திரி. விட்டுவைத்தால் தூள் துருப்பிடித்துக் கருவிழியில் வளையமாகப் படிந்துவிடும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். துண்டு வேகமாகக் குத்திப் பார்வை மங்கினால் கழுவவும் கூடாது, அழுத்தவும் கூடாது. ஒரு பேப்பர் கப்பைக் கண்ணில் படாமல் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

பழைய ஜீன்ஸில் 14 ஏப்ரன் தைத்துத் தந்த தையற்கடை அக்காவுக்கும் நன்றி. பாலியஸ்டர் சட்டை பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். கனத்த பருத்தி அப்படிச் செய்யாது. லுங்கி, தோள் துண்டு, பின்னல் கையுறை மூன்றும் வீலில் சுற்றிக்கொள்ளும். கையுறை வேண்டுமா வேண்டாமா என்று அன்று பெரிய வாக்குவாதமே நடந்தது. கையோடு ஒட்டி நிற்கும் தோல் கையுறை சரி என்பதே எங்கள் முடிவு.

இடம் கொடுத்த பட்டறை முதலாளி, தின்னர் டப்பாக்களையும் காட்டன் வேஸ்ட்டையும் முந்தின இரவே அப்புறப்படுத்தி, மணல் வாளி வைத்து, எல்லாம் முடிந்தபின் அரை மணி நேரம் மூலைமுடுக்கெல்லாம் புகை வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்கினார்.

இரும்புக் குப்பையில் கிடந்த கார்டுகளைத் தேடிப் பிடித்து மிஷின்களில் மாட்டித் தந்தவர்களுக்கும் நன்றி. கிளாம்ப் ஸ்க்ரூ கிடைக்காமல் இரண்டு ஏஜி4 மிஷின்கள் மட்டும் பாக்கி. அவற்றைப் பூட்டி வைத்திருக்கிறோம். ஸ்க்ரூ கிடைத்தவர்கள் கொண்டு வந்தால் மாட்டித் தருகிறோம்.

நன்றியுடன்,
பயிற்சி நடத்திய பட்டறைக்காரர்கள்