ஐந்தாவது ஆண்டின் படத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில், எடைகுறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண்ணின் இரண்டு படங்கள் வந்திருந்தன. முதல் படத்தில் 118 கிலோ, பக்கத்துப் படத்தில் 74. இடையில் ஓராண்டு. அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன். ஆனாலும் தாளை மடித்து வைத்த பிறகு என் மனம் ஆறவில்லை. 2020 டிசம்பரில் என் படத்தை எடுத்திருந்தால் அப்படித்தான் இருந்திருக்கும். அதன்பிறகு எனக்கு நடந்ததை எந்தப் பத்திரிகையிலும் நான் படித்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

ராமேசுவரம் தீவில், தங்கச்சிமடத்தில் நியாயவிலைக் கடை விற்பனையாளராக இருக்கிறேன். வயது 47. கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். 112 கிலோ எடையும் சர்க்கரை நோயும் மூட்டுவலியுமாக இருந்த எனக்கு, 2019 ஜூனில் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ‘ஸ்லீவ்’ என்கிற அறுவை நடந்தது. இரைப்பையில் முக்கால் பங்குக்குமேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் அளவுக்கு ஒரு குழாய்போல ஆக்கிவிடுவார்கள். என் நகைகளை அடகு வைத்ததும், கணவர் படகு உரிமையாளரிடம் வாங்கிய முன்பணமும் சேர்ந்து மூன்றரை லட்சம் செலவானது. பதினெட்டு மாதத்தில் 71 கிலோவுக்கு வந்தேன். சர்க்கரை மாத்திரை நின்றது. பாம்பன் பாலத்தின் நடைபாதையில் மகளோடு மூச்சு வாங்காமல் நடந்த நாள் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

அந்தப் பதினெட்டு மாதமும் பசி என்றால் என்ன என்பதே மறந்துபோயிருந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் என்கிற சுரப்பு பெரும்பாலும் வெட்டி எடுக்கும் அந்தப் பகுதியில்தான் உண்டாகிறது என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பசி இல்லாதது என் வைராக்கியம் என்று நினைத்திருந்தேன். இரண்டாவது ஆண்டில் பசி மெல்லத் திரும்பியபோது, என்னிடம்தான் ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்தேன்.

2021 மே, ஜூன் மாதங்கள் நினைவிருக்கும். கொரோனா நிவாரணம் 2,000 ரூபாய் வீதம் இரண்டு தவணை, அதோடு 14 மளிகைப் பொருள் கொண்ட பை. எல்லாம் எங்கள் கடைகள் வழியாகத்தான் போயின. நாளொன்றுக்கு 200 டோக்கன். முகக்கவசத்தோடு நின்றுகொண்டே எடை போட்டு, பணம் எண்ணிக் கொடுத்து, மதியச் சாப்பாடு நாலு மணிக்கோ ஐந்து மணிக்கோ. அறுவை செய்த வயிற்றோடு அவசரமாகச் சாப்பிட முடியாது. ஒரு துண்டு பாரை மீன் வறுவலைச் சரியாக மெல்லாமல் விழுங்கினால் நெஞ்சுக்குழியில் கல்போல நிற்கும், வாயில் எச்சில் நுரை நுரையாக ஊறும், எழுந்து போய்த் துப்பிவிட்டுத்தான் வர வேண்டும். தேநீரில் நனைத்த பொறை (ரஸ்க்) அப்படியில்லை. வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். மிக்சரும் முறுக்கும் வாயிலேயே கரைந்து, சுருங்கிய வயிற்றில் இடமே பிடிக்காமல் இறங்கும். மேசை இழுப்பறையில் பொறைப் பொட்டலம் வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். ஒரு வேளைக்கு ஒரு கிண்ணம் சாப்பிட முடியாதவள், நாள் முழுவதும் கொறித்தே அதற்கு இரண்டு மடங்கு சாப்பிட்டேன். நான் ஏமாற்றிச் சாப்பிட்டதாகத்தான் எல்லோரும் சொன்னார்கள். மீனை மறுத்துப் பொறையை வரவேற்கிற வயிறு அது என்று எனக்கு ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

கருப்பட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பனங்காட்டு மாவட்டக்காரர்களுக்கு இது கசக்கும். வெள்ளைச் சீனியை விட்டுவிட்டேன் என்ற தைரியத்தில் நாளுக்கு நான்கு முறை கருப்பட்டிக் காப்பி குடித்தேன். பருவத்தில் பதநீர் வேறு. உடம்புக்கு அதுவும் சர்க்கரைதான், தவிரவும் திரவத்தை எந்த ஸ்லீவும் தடுத்து நிறுத்தாது. இதை எழுதிக் கொடுத்திருந்தால் நான் கேட்டிருப்பேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருந்தார்கள். 2020 மார்ச் ஊரடங்கில் அது அறுந்தது. பிறகு அந்த மருத்துவமனையில் உணவு ஆலோசகர் மாறிவிட்டார், தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும்வரை தீவுக்குள் ரயிலே இல்லை. இப்படிக் காரணங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் மதுரை. போகாததற்கு உண்மையான காரணம் வெட்கம். எந்த முகத்தோடு அந்த மருத்துவர் முன்னால் போய் எடைக்கருவியில் ஏறுவது?

2023இல் சந்தியாகப்பர் கோவில் திருவிழா அன்று, வீடு நிறைய உறவினர் இருக்கும்போது, என் மைனி சொன்னார்: “மூன்றரை லட்சமும் கடலில் கரைத்த பெருங்காயமாகப் போயிற்றே.” அவர் கெட்டவர் அல்லர். அறுவையின்போது பத்து நாள் என்னோடு மதுரையில் இருந்து பார்த்துக்கொண்டவர். அதனால்தான் அந்தச் சொல் அவ்வளவு ஆழமாக இறங்கியது. அந்த வாரமே, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நம்பி, ஐந்து நாள் வெறும் கஞ்சித்தண்ணீரும் மோரும் குடித்தேன். இரைப்பை பழையபடி சுருங்கிவிடும் என்று அதில் இருந்தது. மூன்று கிலோ குறைந்தது. பத்தே நாளில் நான்காக ஏறியது. பட்டினி கிடந்தால் இரைப்பை சுருங்காது என்று பின்னர் மருத்துவர் சொன்னார். அந்த ஐந்து நாளும் கடையில் தலைசுற்றி, அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

2024 ஜூலையில் 88 கிலோ. கால் விரல்கள் மரத்துப்போயின, படி ஏறினால் படபடப்பு. ஒருநாள் காலை, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாக வரும் தன்னார்வலப் பெண் என் மாமியாருக்கு ரத்த அழுத்த மாத்திரை கொடுக்க வந்தார். கிளம்பும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அக்கா, நீங்களும் விரலை நீட்டுங்கள்” என்றார். எனக்குத்தான் சர்க்கரை போய்விட்டதே என்றேன். அவர் பதில் சொல்லாமல் திண்ணையில் உட்கார்ந்து, ஊசி முனையால் குத்தி, ஒரு துளி ரத்தத்தைப் பட்டையில் தொட்டு எடுத்தார். கருவியில் 268 என்று வந்தது. அவர் அதை என்னிடம் திருப்பிக் காட்டினார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

மருத்துவரும் திட்டவில்லை. “ரத்த அழுத்தம் மறுபடி ஏறினால் நோயாளியைத் திட்டுவோமா? என்ன காரணம் என்று பார்ப்போம். இதுவும் அப்படித்தான்” என்றார். வாய் வழியாக உள்நோக்கிக் கருவி (எண்டோஸ்கோப்) விட்டுப் பார்த்ததில் இரைப்பைக் குழாய் பெரிதாக விரியவில்லை, இன்னொரு அறுவைக்குத் தேவையில்லை என்று தெரிந்தது. வைட்டமின் பி12 மிகவும் குறைந்திருந்தது, இரும்புச்சத்தும் குறைவு. இந்த அறுவை செய்தவர்கள் வாழ்நாள் முழுவதும் வைட்டமின், இரும்பு, கால்சியம் எடுத்துக்கொள்ள வேண்டும், ஆண்டுதோறும் ரத்தம் பார்க்க வேண்டும். நான் 2021இலேயே மாத்திரைகளை விட்டிருந்தேன். எடை குறைந்த உடம்பு இழந்ததைத் திரும்பப் பிடிக்கத்தான் முயலும், பசியைக் கூட்டும், சக்தியைச் செலவழிப்பதைக் குறைக்கும் என்றும் அவர் விளக்கினார். அதைக் கேட்டபோது அந்த அறையிலேயே அழுதேன். மூன்று ஆண்டுகளாக என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன் ஐயா.

புதிதாக வந்திருந்த உணவு ஆலோசகர் ஓர் இளம்பெண். முதல் கேள்வியாக, “உங்கள் ஊரில் என்ன மீன் மலிவாகக் கிடைக்கும்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவரை நான் மறக்கமாட்டேன். சூடை என்றேன். அதையே வைத்து எல்லாவற்றையும் தமிழில் எழுதிக் கொடுத்தார். நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம். நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் இருக்கிறது, ஒரு முட்டையில் 6. சிற்றுண்டித் தட்டில் முதலில் மீன் அல்லது முட்டை, பிறகு காய், இடம் இருந்தால் கடைசியில் இரண்டு கரண்டி சோறு. சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது, முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான். இருபது நிமிடம் உட்கார்ந்து மெல்ல வேண்டும். வறுவல் நெஞ்சுக்குழியில் நிற்பதால் குழம்பு மீன். என் வயிற்றுக்கு மிகவும் இதமாக இருந்தது சுறாப் புட்டு. உதிர்ந்து, மெத்தென்று, ஒரு வாய்கூட அடைக்காமல் இறங்கியது. ஐந்து ஆண்டுக்குப் பிறகு அன்றுதான் ருசித்துச் சாப்பிட்டேன்.

கடை இழுப்பறையில் இப்போது அவித்த முட்டையும் சுண்டலும் இருக்கின்றன. காலை ஐந்தரை மணிக்கு, மல்லிகை நாற்றுக்குப் பதியன் போடுகிற தோட்டங்கள் வழியாக வடக்குக் கடற்கரை வரை நாற்பது நிமிடம் நடக்கிறேன். பழைய எண்ணெய் பாட்டில்கள் இரண்டில் கடல் மணல் நிரப்பி வைத்திருக்கிறேன். மாலையில் அவற்றைத் தூக்கி இறக்குவேன், தசை கரையாமல் இருப்பதற்கு.

கடினமான காலமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகு மீன் மட்டும்தான், அதன் விலையை நாங்கள் நெருங்க முடியாது. கணவருக்கு வருமானம் இருக்காது. எங்கள் பக்கத்து வீடுகளில் அந்த இரண்டு மாதமும் அரிசிதான் வயிற்றை நிரப்பும். முதல் தடைக்காலத்தில் எனக்கு இரண்டு கிலோ ஏறியது. அடுத்த முறை, கார்டுக்கு 30 ரூபாய்க்கு நானே எடைபோட்டுக் கொடுக்கிற துவரம் பருப்பும், முட்டையும், தட்டைப்பயறும் வைத்துச் சமாளித்தேன்.

இன்று 79 கிலோ. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரைப் பரிசோதனையில் (எச்பிஏ1சி) 6.4 சதவீதம். கால் மரமரப்பு நீங்கிவிட்டது. 2025இல் நம் நாட்டுக்கு வந்த, எடைக்கு வாரம் ஒருமுறை போடும் ஊசியைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டேன். தேவைப்பட்டால் பார்க்கலாம், அது வெட்கப்படவேண்டிய வழி அல்ல என்றார். 71க்குத் திரும்ப வேண்டும் என்ற இலக்கை இருவரும் பேசி விட்டுவிட்டோம்.

தங்களிடமும், தங்கள் வழியாக அரசிடமும் சில வேண்டுகோள்கள். முன்-பின் படம் போடும்போது, அறுவை முடிந்து எத்தனை மாதம் என்பதையும் அச்சிடுங்கள். ஐந்தாம் ஆண்டில் இருப்பவர்களையும் தேடிப் போய்ப் பேசுங்கள், எடை திரும்பியவர்களையும் சேர்த்து. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாதம் ஒரு நாளாவது எங்களைப் போன்றோருக்கு ரத்தப் பரிசோதனையும் உணவு ஆலோசனையும் கிடைக்க வழி செய்ய வேண்டும். தொண்டியிலிருந்தும் சாயல்குடியிலிருந்தும் தனுஷ்கோடியிலிருந்தும் ஒரு பி12 பரிசோதனைக்காகக் கூலியை இழந்து மதுரைக்குப் போவது நடக்கிற காரியம் அல்ல. வீடு தேடி வரும் தன்னார்வலர்கள் சர்க்கரையையும் அழுத்தத்தையும் பார்ப்பதோடு, எடைகுறைப்பு அறுவை செய்தவரா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அறுவை செய்கிற மருத்துவமனைகள் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கிற தாளைத் தமிழில் கொடுக்க வேண்டும். என்னுடையது நான்கு பக்கமும் ஆங்கிலத்தில் இருந்தது.

சென்ற மாதம், கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெண் கடை வாசலில் தயங்கி நின்றார். பாம்பனைச் சேர்ந்தவர், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்தார். “அக்கா, உங்களுக்கும் அந்த ஆபரேஷன்தானே?” என்று மெதுவாகக் கேட்டார். மூன்றாண்டுக்கு முன்பு செய்தாராம். பதினைந்து கிலோ திரும்பியிருக்கிறது, வெளிநாட்டில் இருக்கும் கணவருக்குத் தெரியாமல் வீடியோ அழைப்பில் முகத்தை மட்டும் காட்டிப் பேசுகிறாராம். கடையைப் பூட்டிவிட்டு அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வருகிற வியாழக்கிழமை இருவரும் பாம்பனில் காலை ரயில் ஏறி மதுரைக்குப் போகிறோம். அவருக்கும் சேர்த்து முட்டை அவித்து எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நியாயவிலைக் கடை விற்பனையாளர் ஒருவர்,
தங்கச்சிமடம்.
(பெயர் வெளியிட வேண்டாம்)