பாப்பாவுக்கு: கியோங்ஜுவில் எத்தனை ராத்திரி?

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய தென் கொரியப் பயணத் திட்டம் கிடைத்தது. கடைத்தெருவில் பிரிண்ட் எடுத்து, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். சியோல் ஐந்து நாள், பூசன் மூன்று நாள், நடுவில் கியோங்ஜு ஒரே ஒரு பகல். அம்மா தினமும் அதன் முன்னால் நின்று படிக்கிறாள். "இதில் பாப்பா இருக்கிற தேஜோன் எங்கே?" என்று கேட்டாள். அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது என்று சொல்லி வைத்தேன். சரி, அது இருக்கட்டும். நான் எழுத வந்தது கியோங்ஜு பற்றி.

"ஒரு நாள் போதும்ப்பா, எல்லாம் பார்த்துவிடலாம்" என்று எழுதியிருந்தாய். முப்பத்தாறு வருடம் வண்டியை நேரத்துக்கு அனுப்பியவன் நான். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சியோலிலிருந்து வேக ரயிலில் இரண்டு மணி நேரம். ஆனால் அந்த ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருக்கிறது. ஊருக்குள் இருந்த பழைய ஸ்டேஷனை 2021 டிசம்பரில் மூடிவிட்டார்கள். அதனால் இறங்கி பஸ் பிடித்து ஊருக்குள் போகவே அரை மணி ஆகும். அங்கிருந்து புல்குக்சா கோயிலுக்கு இன்னொரு பஸ். மலைமேல் இருக்கும் சொக்குராம் புத்தரைப் பார்க்க அதற்கும் மேல் ஒரு பஸ், இறங்கிக் காட்டு வழியில் கொஞ்சம் நடை. அம்மாவின் முழங்கால் உனக்குத் தெரியும். மியூசியம் சாயங்காலம் மூடிவிடுவார்கள். வொல்ஜி குளத்துக்கோ இருட்டிய பிறகுதான் போக வேண்டுமாம். விளக்கு போட்டதும் மண்டபங்கள் அப்படியே தண்ணீரில் தெரியும் என்கிறார்கள். உன் திட்டப்படி அந்த நேரத்தில் நாம் பூசன் வண்டியில் உட்கார்ந்திருப்போம்.

கி.மு. 57லிருந்து கி.பி. 935 வரை சில்லா ராஜ்ஜியத்துக்குத் தலைநகராக இருந்த ஊர் அது. கிட்டத்தட்ட ஆயிரம் வருடம். அதற்கு ஒரு பகல் போதுமா? மூன்று ராத்திரியாவது தங்க வேண்டும். முதல் நாள் ஊருக்குள்ளேயே நடக்கலாம். புல் முளைத்த பச்சைக் குன்றுகள் என்று நினைத்துவிடாதே, எல்லாம் ராஜாக்கள், பிரபுக்களின் சமாதி. 1973இல் தோண்டிய ஒன்றில் தங்கக் கிரீடம் கிடைத்தது. அதற்குள் நடந்தே போய்ப் பார்க்கலாம். பக்கத்திலேயே சொம்சொங்தே. ராணி சொந்தொக் காலத்தில், 7ஆம் நூற்றாண்டில், நட்சத்திரம் பார்க்கக் கட்டிய கல் கோபுரம். இரண்டாம் நாள் கோயிலும் மலையும். மூன்றாம் நாள் கடற்கரை. முன்மு என்கிற ராஜா, செத்த பிறகும் டிராகனாக இருந்து நாட்டைக் காப்பேன் என்று கடல் பாறைக்கு நடுவே தன்னை அடக்கம் செய்யச் சொன்னாராம். அம்மாவுக்குக் கடல் பார்த்தால் போதும், கால் வலி மறந்துவிடும்.

செலவைப் பற்றி யோசிக்காதே. டிக்கெட்டும் ரூமும் என் பொறுப்பு. பென்ஷன் அரியர்ஸ் வந்தது அப்படியே பேங்கில் இருக்கிறது. உன் கையிலிருந்து ஒரு ரூபாய் எடுக்க விடமாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு. போன மாதம் வீடியோவில் பார்த்தபோது கழுத்து எலும்பு தெரிந்தது. அதற்கப்புறம் வீடியோவும் இல்லை, போனும் இல்லை, மெசேஜ் மட்டும். பிஸி என்று தெரியும். நம் தெருவிலிருந்து ஆராய்ச்சிக்கு அவ்வளவு தூரம் போனவள் நீ ஒருத்திதான். எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறேன். ஆனாலும் சாப்பிடு.

புல்குக்சா பற்றி ஒன்று படித்தேன். கிம் தே-சொங் என்ற மந்திரி 751இல் கட்ட ஆரம்பித்தாராம். இந்தப் பிறவியின் அப்பா அம்மாவுக்காகப் புல்குக்சா, போன பிறவியின் அப்பா அம்மாவுக்காகச் சொக்குராம். முடியும் முன்பே, 774இல் போய்ச் சேர்ந்துவிட்டார். மீதியை அரசாங்கம் முடித்தது. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அப்பா ஞாபகம்.

உன்னிடம் நான் சொல்லாத ஒன்று. நீ பிறப்பதற்கு முன், நான் கேரள எல்லையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் இருந்தபோது தாத்தா என்னைப் பார்க்க வந்தார். புழுங்கலரிசி, வடகம், பத்து நாளுக்கு மாத்திரை, எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார். நான் மூன்றாம் நாளுக்கே திரும்ப பெர்த் போட்டு வைத்திருந்தேன். "இங்கே பார்க்க ஒன்றும் இல்லைப்பா, குருவாயூர் ஒரு நாள் போதும்" என்றேன். அப்போது நான் சஸ்பென்ஷனில் இருந்தேன். தப்பு என்னுடையதுதான், ராத்திரி டூட்டியில் கண் அசந்துவிட்டேன். அரைச் சம்பளம். தாத்தா இருந்த அந்த இரண்டு நாளும் காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கிளம்புவேன். சாயங்காலம் வரை ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன். உன் அம்மாவையும் பொய் சொல்ல வைத்தேன். வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "வேலையெல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டார். "இருக்குப்பா" என்றேன். தலையை ஆட்டினார். அதற்கப்புறம் என் குவார்ட்டர்ஸுக்கு அவர் வரவே இல்லை. நானும் கூப்பிடவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. சொல்லியிருந்தால் திட்டியிருப்பார், அவ்வளவுதான். மாத்திரை தீரும்வரை கூடவே இருந்திருப்பார்.

உனக்கும் அப்படி ஏதோ இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நீ என்னைப் போல இல்லை.

கியோங்ஜு மூன்று ராத்திரி. சியோலில் இரண்டு நாள் குறைத்துக்கொள்ளலாம், பெரிய ஊர் எங்கே போனாலும் பெரிய ஊர்தான். அக்டோபர் குளிர் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் எழுது. திரும்பும் டிக்கெட் நான் இன்னும் எடுக்கவில்லை. சாப்பாட்டை நேரம் தள்ளாதே.

பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் தயார். அம்மா பக்கத்தில் நிற்கிறாள். உன் அறையில் பாய் விரிக்க இடம் இருக்குமா என்று கேட்கச் சொல்கிறாள். இரண்டு பேருக்கு, சுவரோரமாக.

அன்புடன்,
அப்பா