மூன்றாம் வரியை எடுத்துவிடுங்கள்

சர்வர் மென்பொருள்களுக்கு நிறுவல் கையேடு எழுதுவோருக்கு,

வணக்கம். உங்களில் ஒருவர் அனுப்பிய கையேட்டின் மூன்றாம் வரி இது: "எஸ்இலினக்ஸை முடக்கவும்." எஸ்இலினக்ஸ் என்பது லினக்ஸின் கூடுதல் பாதுகாப்புக் காவல்; அதை ஏன் முடக்க வேண்டும் என்று ஒரு சொல் இல்லை. பீரோ உள்ளே நுழையவில்லை, ஆகவே நிலைக்கதவைக் கழற்றிவிடுங்கள் என்பதுபோல் இருக்கிறது. பீரோவை இறக்கிவிட்டு நீங்கள் போய்விடுவீர்கள். கதவில்லாத வீட்டில் இருக்கப்போகிறவன் நான்.

வழக்கமான லினக்ஸ் அனுமதி முறையில் ரூட் என்ற தலைமை நிர்வாகிக் கணக்கு வைத்ததுதான் சட்டம். எஸ்இலினக்ஸில் அப்படியில்லை. ஒவ்வொரு சர்வீஸும் (பின்னணியில் ஓடும் நிரல்) எதைத் தொடலாம் என்பதைக் கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியில், ஏற்றிய கொள்கை தீர்மானிக்கிறது. வெப் சர்வரை ஒருவன் கைப்பற்றி ரூட் ஆகவே மாறினாலும், அந்த சர்வீஸுக்கு வரைந்த கோட்டைத் தாண்டிக் கடவுச்சொல் கோப்பைப் படிக்க முடியாது. இது நேற்று முளைத்த சரக்கும் அல்ல. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏ 2000 டிசம்பரில் வெளியிட்டது. 2003இல் லினக்ஸ் 2.6 கெர்னலோடு சேர்ந்தது. 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல் ஃபோன்களிலும் முழுமையாகக் காவல் காக்கிறது. அங்கே யாரும் அதை முடக்கச் சொல்வதில்லை.

உங்கள் எரிச்சல் எனக்குப் புரியாமல் இல்லை. ஒருமுறை வீட்டு டைரக்டரியில் இருந்த கோப்புகளை 'எம்வி' என்ற நகர்த்தும் கட்டளை கொடுத்து வெப் டைரக்டரிக்கு மாற்றினேன். உரிமையாளர் சரி, அனுமதி சரி. பிரவுசரில் மட்டும் 403, அனுமதி மறுப்பு. இரண்டு மணி நேரம் அனுமதிகளையே மாற்றி மாற்றிப் பார்த்தேன். எஸ்இலினக்ஸ் ஒவ்வொரு கோப்பிலும் ஒரு லேபிள் ஒட்டி, அதைப் பார்த்துத்தான் அனுமதிக்கும். கடைசியில் லேபிளைக் காட்டும் 'எல்எஸ் -இசட்' கொடுத்தபோதுதான் தெரிந்தது, கோப்புகள் வீட்டு லேபிளோடே வந்து உட்கார்ந்திருந்தன. 'எம்வி' பழைய லேபிளைச் சுமந்து வரும்; நகலெடுக்கும் 'சிபி' பொதுவாகப் புது இடத்தின் லேபிளை வாங்கிக்கொள்ளும். இடத்துக்கு உரிய லேபிளைத் திரும்ப ஒட்டும் 'ரிஸ்டோர்கான்' என்று ஒரே கட்டளை. தளம் திறந்துகொண்டது.

அதுபோன்ற கட்டளைக்கு வேண்டிய விவரத்தைத்தான் கேட்கிறேன். உங்கள் மென்பொருள் எந்த டைரக்டரியில் எழுதும், எந்த போர்ட்டில் (பிணைய வாசல் எண்) நிற்கும், வெளியே எங்கு இணையும் என்று எழுதுங்கள். தேவையான லேபிளை நாங்கள் இட்டுக்கொள்கிறோம். எதுவுமே சரிப்படாவிட்டால் அந்த ஒரு சர்வீஸை மட்டும் 'பெர்மிஸிவ்' ஆக்கச் சொல்லுங்கள். அதைத் தடுக்காமல், மறுத்திருக்க வேண்டியவை மட்டும் பதிவாகும், மற்ற சர்வீஸ்கள் காவலிலேயே இருக்கும். (பதிவான மறுப்புகளிலிருந்து அனுமதி விதிகளை எழுதித் தரும் 'ஆடிட்2அலோ' தருவதைப் படிக்காமலே ஏற்றச் சொல்வதும் கதவைக் கழற்றுவதற்கு உடன்பிறப்புதான்.)

முழுதாக முடக்கினால், அந்த நாட்களில் உருவாகும் கோப்புகளுக்கு லேபிளே இராது. மீண்டும் இயக்கும்போது வட்டு முழுவதற்கும் லேபிள் இட வேண்டும். அந்தக் காத்திருப்பு நேரமும் உங்கள் கையேட்டில் இல்லை.

இப்படிக்கு,
ஒரு சர்வர் நிர்வாகி