கொட்சொலானி இசைமாலை: ஒரு நன்றி மடல்

அன்புள்ள அனைவருக்கும்,

மிலானில் எங்கள் பெண்கள் பாடகர் குழு நடத்திய கொட்சொலானி இசைமாலை நல்லபடியாக முடிந்தது. இத்தாலிய மொழியில் நன்றிக் கடிதம் போயாயிற்று. ஆனால் மழையையும் பாராமல் வந்த நம் தமிழ்க் குடும்பங்களுக்கு அது போதாது என்று தோன்றியது.

'யார் இந்தக் கொட்சொலானி?' என்று இடைவேளையில் பலர் கேட்டீர்கள். கியாரா மார்கரீத்தா கொட்சொலானி 1602இல் பிறந்தவர். மிலான் பேராலயத்தை ஒட்டியிருந்த சாந்தா ராதெகோந்தா பெனடிக்டின் மடத்துக் கன்னியர், பின்னாளில் அதன் தலைவி. 1640க்கும் 1650க்கும் இடையே தாம் இயற்றிய நான்கு இசைத் தொகுப்புகளை அச்சிட்டார். முதல் தொகுப்பு தொலைந்தே போனது. பேராயர் அல்ஃபோன்சோ லித்தா மடத்து இசைக்குக் கடிவாளம் போடப் பார்த்ததும் அவர் காலத்தில்தான். மடம் இன்று இல்லை, தெருவுக்கு மட்டும் அந்தப் பெயர் நிற்கிறது. நம்மில் பலர் கடைக்குப் போகும் வழிதான் அது!

நாங்கள் பாடியவை 1650இல் வந்த அவருடைய எட்டுக்குரல் திருப்பாடல்கள். இரண்டு அணிகள், ஒவ்வொன்றிலும் ஆண்குரல் வரிகளான டெனரும், எல்லாவற்றுக்கும் கீழே நிற்கும் பேஸும் உண்டு. மடத்தில் ஆண்குரலுக்கு எங்கே போவது? டெனர் வரியைத் தாழ்ந்த குரல்காரிகள் பாடலாம். பேஸை ஒரு ஸ்தாயி ஏற்றினால் அது மற்ற குரல்களுக்கு நடுவே புகுந்துவிடும். கீழே தாங்க ஆள் இருக்காது. அந்த அடித்தளத்தை ஆர்கனும், வில்லால் வாசிக்கும் தந்திக் கருவியான வயோலா ட காம்பாவும் கொடுத்தன. சம்பளம் வாங்காமல் வாசித்த அந்த இரண்டு கலைஞர்களுக்கே முதல் நன்றி. அப்புறம், எழுபதைத் தாண்டியும் டெனர் வரியை அசையாமல் பிடித்து நின்ற எங்கள் மூத்த அக்காவுக்கு. ஒத்திகையில் நாங்கள் தடுமாறும்போதெல்லாம் விரலால் மேசையைத் தட்டுவார், அவ்வளவுதான், எல்லோரும் தாளத்துக்கு வந்துவிடுவோம்.

முதல் திருப்பாடலைத் திரைக்குப் பின்னால் நின்று பாடியது வேடிக்கைக்காக அல்ல. கன்னியர் உள் ஆலயத்தில் பாட, மக்கள் சுவருக்கு இந்தப் பக்கம் கம்பியழி வழியாகக் கேட்டார்கள். மிலானிலேயே உள்ள சான் மவுரீத்சியோ ஆலயத்தில் அந்தக் குறுக்குச் சுவரை இன்றும் பார்க்கலாம். ஏணி பிடித்துத் திரை கட்டிய தம்பிகளுக்கும், குளிரில் ஆலயத்தைச் சூடாக்கிக் கொடுத்த பங்குத்தந்தைக்கும் நன்றி.

நேரில் அறியாதவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். மிலான் மடங்களின் இசையை ஆராய்ந்து எழுதிய ராபர்ட் கென்ட்ரிக், பெண்குரல்களை மட்டுமே வைத்து இந்த இசையைப் பாடிக்காட்டிய போலோஞ்ஞாவின் கப்பெல்லா ஆர்த்தெமீசியா குழு. இவர்கள் இல்லையென்றால் எங்கே தொடங்குவது என்றே தெரிந்திருக்காது.

இட்லி கொண்டுவந்த அக்காமாருக்குத் தனி நன்றி. இத்தாலிய சோப்ரானோக்கள் சாம்பாரைப் பற்றி இன்னும் கேட்கிறார்கள்.

அடுத்து நொவாரா நகரின் இன்னொரு கன்னியர் இசையமைப்பாளர் இசபெல்லா லெயோனார்தாவின் பாடல்களைப் பாட எண்ணம். தாழ்ந்த குரலுள்ள பெண்கள் யாராவது இருந்தால் கட்டாயம் வாருங்கள். நோட்டு படிக்கத் தெரியாவிட்டாலும் சரி, சொல்லித் தருகிறோம்.

அன்புடன்,
பாடகர் குழுவின் சார்பில்
ஓர் ஆல்ட்டோ பாடகி