பூவின் பொருள் தேடிய ஓராண்டு: வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, வட்டத்தின் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் வந்து கூடும் நம் வாசகர் வட்டம், சென்ற பொதுக்கூட்டத்தில் எடுத்த முடிவின்படி, இந்த ஆண்டு முழுவதும் பூ என்ற ஒரே பொருளை வைத்துக்கொண்டு படித்தது. அம்முடிவுக்குக் காரணம் என்னுடைய பிழையே என்பதால் அதையும் இங்கே பதிவு செய்வது முறை. அக்கூட்டத்துக்குச் சிறப்பு விருந்தினராக வந்திருந்த, ஓய்வுபெற்ற சீனத் தலைமையாசிரியர் ஒருவருக்கு நான் வாங்கிவந்து கொடுத்தது, வெள்ளையும் மஞ்சளுமாகக் கட்டிய செவ்வந்திக் கொத்து. நாம் சாமிக்குச் சாத்தும் பூ. சீனர் வழக்கத்திலோ இறந்தவருக்கு வைக்கும் பூ. அவர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம் என்று நினைத்திருந்ததாகச் சொல்லிச் சிரித்தார். ஒரே பூ ஒரு வீட்டில் வாழ்த்தாகவும் அடுத்த வீட்டில் இரங்கலாகவும் இருப்பது எப்படி என்ற கேள்வி அன்று தேநீர் வேளையிலேயே எழுந்து, ஆண்டுப் பொருளாகவும் ஆகிவிட்டது.

முதல் சில கூட்டங்கள் சங்கப் பாடல்களோடு கழிந்தன. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்துக்கும் ஒழுக்கத்துக்கும் பூவையும் மரத்தையும் பெயராக வைத்தவர்கள், போரையும் அவ்வாறே பெயரிட்டார்கள். ஆநிரை கவர்வதற்கு வெட்சி, மதிலை வளைப்பதற்கு உழிஞை, எதிரெதிர் நின்று பொருவதற்குத் தும்பை, வெற்றிக்கு வாகை. பள்ளி விளையாட்டுப் போட்டிச் செய்திகளில் ‘வெற்றிவாகை சூடினர்’ என்று இன்றும் எழுதுகிறோமே, வாகைப் பூவை யாராவது பார்த்திருக்கிறோமா என்று இளைய உறுப்பினர் ஒருவர் கேட்டபோது கூட்டத்தில் ஒரு கை கூட உயரவில்லை. தைப்பிங் ஏரிக்கரையில் நீர்மேல் கிளை சாய்த்து நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் வாகைக்கு நெருங்கிய உறவு என்பதும், இரண்டின் பூவும் நூல்நூலாக விரியும் ஒரே சாயல் உடையவை என்பதும் தெரியவந்தபின், பலருக்கு அந்தச் சொல் முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துப் பாறையில் குவிக்கும் 99 பூக்களின் பெயர்களை ஓர் உறுப்பினர் தடங்கலின்றி ஒப்புவித்தார். கைதட்டல் பலமாக இருந்தது. ஆனால் அவற்றுள் நம் கண்ணால் கண்டவை எத்தனை என்று எண்ணத் தொடங்கியதும் சத்தம் அடங்கிவிட்டது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, கடைசியாக 2018-இல் நீலகிரி, மூணாறு மலைகளை நீலமாக்கிய குறிஞ்சியை நம்மில் எவரும் பார்த்ததில்லை.

முல்லையைப் பற்றிய கூட்டம் வேறு வகையாக அமைந்தது. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபின் குடவாயிற் கீரத்தனார் பாடிய புறநானூற்றுப் பாடலை வாசித்தோம். இளையோர் சூடார், வளையோர் கொய்யார், பாணன் சூடான், பாடினி அணியாள் என்று ஒவ்வொருவராக விலக்கிக்கொண்டே வந்து, ‘முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே’ என்று செடியைப் பார்த்துக் கேட்கும் பாடல் அது. கற்போடு காத்திருப்பதற்கு அடையாளமான முல்லை, அங்கே பூத்ததற்காகவே குற்றவாளி போல் நிற்கிறது. வாசித்து முடித்தபின் நெடுநேரம் எவரும் பேசவில்லை. அண்மையில் கணவரை இழந்த உறுப்பினர் ஒருவர், வீட்டுக் கொல்லையில் மல்லிகை மட்டும் நிறுத்தாமல் பூத்துக்கொண்டிருப்பதாகவும், பறிக்க மனமின்றி விட்டுவிட்டதாகவும் சொன்னார். அதற்குமேல் விளக்கவுரை தேவைப்படவில்லை. கூட்டத்தை அத்துடன் முடித்துக்கொண்டோம்.

செம்பருத்தி 1960-இல் இந்நாட்டின் தேசிய மலரானது. அதன் ஐந்து இதழ்கள் நாட்டின் கொள்கை உறுதிமொழியான ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளைக் குறிக்கும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் ருக்குன் நெகாரா பிறந்ததோ 1970-இல். ஆகவே பூ முன்பே வந்துவிட்டது, பொருள் பத்தாண்டு கழித்து வந்து அதன்மேல் அமர்ந்தது என்று நம் துணைத்தலைவர் சுட்டிக்காட்டியது இவ்வாண்டின் மிகக் கூர்மையான குறிப்பு என்பது என் கருத்து. பிளுமேரியா என்றும் சொல்லப்படும் கம்போஜாப் பூவைப் பற்றியும் கொஞ்சம் பேசினோம். மலாய்க்காரர் மையவாடிகளில், அதாவது இடுகாடுகளில், நிழல் தருவதால் பிள்ளைகளைச் சூடவிடாமல் நம் பாட்டிமார் தடுத்த அந்தப் பூ, லாவோசில் தேசிய மலராக இருக்கிறது. மரமோ இரண்டு நாட்டுக்கும் சொந்தமில்லை. கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது.

கடல் கடந்து வந்த மரம் என்றதும் பேச்சு இயல்பாகப் பால்மரத்துக்கு, அதாவது ரப்பர் மரத்துக்குத் திரும்பியது. 1877-இல் அண்டையூரான கோலகங்சாரில் நட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் அங்கே முதுமரமாக நிற்கிறது. நான்கு தலைமுறையாக அம்மரத்தின் கீழ் வாழ்ந்திருந்தும், அதன் பூவைப் பற்றி நம்மிடம் ஒரு பழமொழி கூட இல்லையே என்று நான் வருந்திப் பேசினேன். இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும் நாளில், வெளிர்மஞ்சள் நிறத்தில், மெல்லிய மணத்தோடு கொத்துக்கொத்தாகப் பூக்கும் அதை அழகென்றும் சொன்னேன். முப்பதாண்டு மரம் சீவிய அம்மா ஒருவர் என்னை நிறுத்தி, “மரம் பூத்தா எங்களுக்கு என்னாங்க ஐயா சந்தோசம், மங்குல பாலு இறங்காது” என்றார். மங்கு என்பது பால் வடியும் கிண்ணம். தளிர்த்துப் பூக்கும் பருவத்தில் மரத்தின் சத்து அங்கே போய்விடுவதால் பால் குறையும். பால் குறைந்தால் சம்பளம் குறையும். கடையில் கடன் ஏறும். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும் இருட்டில் அந்த வாசனை வந்தாலே வயிறு கலங்கும் என்றார் அவர். பொருள் இல்லாத பூ என்று நான் சொன்னது தவறு. பொருள் இருந்திருக்கிறது, அதை ஏட்டில் எழுதுவோர் காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த கூட்டத்தில் செம்பனையை, அதாவது எண்ணெய்ப்பனையை எடுத்துக்கொண்டோம். சேரர் சூடிய பனம்பூவுக்கு இது ஒருவகையில் பங்காளி. 1981-இல் ஆப்பிரிக்காவின் காமரூனிலிருந்து ஒரு சிறு கூன்வண்டைக் கொண்டுவந்து நம் தோட்டங்களில் விடும்வரை, செம்பனையின் பெண்பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் வேலையைப் பல இடங்களில் தொழிலாளர்களே செய்தார்கள். மகரந்தத்தை முகப்பவுடர் போன்ற மாவோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பூங்குலைமேல் தூவ வேண்டும். வண்டு வந்தபின் அந்த வேலை போயிற்று. இளவயதில் அவ்வேலை செய்த உறுப்பினர் ஒருவருக்கு, ‘கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி’ என்ற குறுந்தொகை வரியை வாசித்து, கொங்கு என்றால் மகரந்தம் என்று விளக்கினோம். அவர் சிரித்து, “அந்தத் தும்பி நான்தாங்க, சிறகுதான் இல்லை” என்றார்.

பிற செய்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கனமழையால் ஒரு கூட்டமும், மண்டபம் கிடைக்காமையால் ஒரு கூட்டமும் நடைபெறவில்லை. வட்டத்தின் நூலடுக்கில் கறையான் ஏறி இரண்டு உரைநூல்கள் வீணாயின. அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தியிருக்கிறோம். இரவல் பெற்ற நூல்களைத் திருப்பாதவர்களின் பெயர்களை இங்கே வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

தோட்டத்தில் வாழ்ந்த மூத்தோர், தாம் கண்ட பூக்களை எந்தப் பெயரால் அழைத்தார்கள், எதற்குச் சூடினார்கள், எதை வீட்டுக்குள் சேர்க்கவில்லை என்பவற்றை அவர்கள் வாய்மொழியிலேயே எழுதிவைக்க வேண்டும் என்று ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது. பால்மரக் காட்டை எந்தத் திணையில் சேர்ப்பது என்ற விவாதம் மூன்று கூட்டங்களாக நீண்டும் முடியவில்லை. பாலை என்று ஒரு சாராரும், பெயரிடாத புதுத்திணை என்று மறு சாராரும் நிற்கிறார்கள். செயலாளர் என்ற முறையில் நான் எப்பக்கமும் சாராமல் இரண்டையும் குறிப்பேட்டில் ஏற்றியிருக்கிறேன்.

இவ்வாண்டு விருந்தினருக்குக் கொத்து வாங்கும் பொறுப்பு என்னிடமிருந்து மகளிர் பிரிவுக்கு மாற்றப்பட்டுள்ளது என்பதையும் தெரிவித்து, இவ்வறிக்கையைப் பொதுக்கூட்டத்தின் ஏற்புக்கு முன்வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்